அக்காவுக்குக் காட்டிய நேரம்

அக்கா பந்தயத்தில் ஓடுகிற நாளென்றால் தம்பிக்கு விடியும்போதே வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். ஐஸ் மேல் ஓடுவது அவள், கழிப்பறைக்கு ஓடுவது இவன். கோச் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஒருவன் இப்படி முகம் வெளுத்துத் திரியலாமா என்று கேட்டால், திரியலாம். அக்காவின் வெற்றி தோல்வி முழுக்கத் தன் கையில்தான் இருக்கிறது என்று நம்புகிற தம்பிக்கு அப்படித்தான் ஆகும்.

அக்காவுக்கு வேலை பல் செட் செய்கிற பட்டறையில். பல் டாக்டர்கள் அளவு எடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, அச்சில் வார்த்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பாள். ஜன்னலோரம் அவளுடைய மேஜை. அதன் மேல் எப்போதும் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய சிரிப்பு பாதி முடிந்து கிடக்கும். நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருப்பதால், ஐஸ் மேல் முதுகை வளைத்துக்கொண்டு ஓடத் தனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை என்பாள். வேலை முடிந்ததும் நகத்தில் ஒட்டிய பிளாஸ்டர் தூளோடு அப்படியே ஐஸ் மைதானத்துக்குப் போய்விடுவாள். அங்கே பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பல்லக்கா.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நடுவழியில் நின்று ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டால், கதவிடுக்கில் வாயை வைத்து அவன் முதலில் சொல்வது, "அஞ்சே நிமிஷம், சரியாயிடும்" என்பதுதான். மேலே ஏறி மோட்டாரைத் திறந்து பார்த்தால் ஒரு மணி நேர வேலை இருக்கும். அது தெரிந்தேதான் சொல்வான். ஒரு மணி நேரம் என்றால் உள்ளே இருப்பவர்கள் கதவைக் குத்துவார்கள், ஒருத்தர் அழ ஆரம்பித்தால் எல்லோரும் அழுவார்கள். அஞ்சு நிமிஷம் என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். பிறகு இன்னொரு அஞ்சு நிமிஷம். இப்படி அஞ்சஞ்சாகச் சொல்லி எவ்வளவு நேரத்தையும் ஓட்டிவிடலாம். இதைப் பொய் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை, தொழில் என்றுதான் நினைத்தான்.

உண்மையில் முதலில் ஓட வந்தவன் அவன்தான். பள்ளிக்கூடம் முடித்த வயதில் ஐஸே கதி என்று கிடந்தான். சாப்பாட்டு நேரம் தப்பியும் வீடு வராத பிள்ளையை இழுத்து வர அம்மா அக்காவை அனுப்புவாள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுப் பார்த்தாள், குளிரில் கையைத் தேய்த்துப் பார்த்தாள், கடைசியில் பொழுது போகாமல் வாடகைக்கு ஒரு ஜோடி ஸ்கேட்டை, அடியில் பிளேடு வைத்த ஷூவை, மாட்டிக்கொண்டு இறங்கினாள். இரண்டு வருஷத்தில் இவனுடைய முழங்கால் கழன்றுகொண்டது. அக்கா நின்றுவிட்டாள், அதாவது ஐஸிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குப் பயிற்சி கொடுக்க வேறு யாரும் கிடைக்காததால் இவன் கோச் ஆனான். இருவருக்கும் இதில் சம்பளம் கிடையாது.

நாட்டில் மூவாயிரம் மீட்டர் தூரத்தை ஓடுகிற பெண்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். அவர்களில் அக்கா முதலாவது. அதனால் வெளிநாட்டுப் போட்டிக்கு அவளைத்தான் அனுப்பினார்கள். அங்கே போனால் அவள் கடைசியிலிருந்து இரண்டாவது. மற்ற நாட்டுக்காரிகளுக்கு டாக்டர் தனி, கால் பிடித்துவிட ஆள் தனி, பிளேடு தீட்ட ஆள் தனி. அக்காவுக்கு எல்லாமாக நின்றது ஒரு தோள்பையும் தம்பியும்தான். பட்டறை முதலாளியம்மாவிடம் கெஞ்சி வாங்கிய லீவில் போய், ஓடி, இறங்கிய மறுநாளே மெழுகு உருக்க உட்கார்ந்துவிடுவாள். இப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடியது.

இந்தப் பந்தயம் எப்படி நடக்கும் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இரண்டிரண்டு பேராக ஓடுவார்கள், ஆனால் போட்டி கடிகாரத்தோடுதான். மூவாயிரம் மீட்டர் என்றால் ஏழரைச் சுற்று. இடுப்பை வளைத்துத் தலையைத் தாழ்த்தி ஓடுகிறவளுக்கு உயரத்தில் தொங்கும் பெரிய திரை கண்ணில் படாது. அதனால் எதிர்ப்பக்க ஓரத்தில் அவரவர் கோச் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலண்டர் மாதிரி எண் அட்டைகளைப் புரட்டுகிற பலகை. போன சுற்றை எத்தனை வினாடியில் முடித்தாள் என்பதை அதில் வைத்துக் காட்டுவார். ஓடுகிறவளுக்கு அந்த நான்கு நிமிஷமும் உலகத்தைப் பற்றிக் கிடைக்கிற ஒரே தகவல் அதுதான்.

முதல் வெளிநாட்டுப் போட்டியில் தம்பி உள்ளதை உள்ளபடி காட்டினான். மூன்றாவது சுற்று மோசம். அட்டையைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியதை அவன் பார்த்தான். வளைந்திருந்த முதுகு நிமிர்ந்தது, கால் துவண்டது, மிச்சச் சுற்றுகளை ஏதோ நடந்து முடித்த மாதிரி முடித்தாள். உடை மாற்றும் அறையில் குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள். அந்த எண்ணைப் பார்த்ததும் எல்லாம் போச்சு என்று தோன்றிவிட்டதாம். தம்பிக்கு அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவே இல்லை.

அடுத்த வருஷம் நடந்தது தற்செயல். குளிரில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முப்பத்தைந்து காட்ட வேண்டிய இடத்தில் பழைய முப்பத்து நாலே நின்றுவிட்டது. இவன் பதறிப்போய்ப் புரட்டுவதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். நன்றாகத்தான் போகிறோம் என்று நம்பியவள் அடுத்த சுற்றை நிஜமாகவே நன்றாக ஓடினாள். அன்றைக்குத்தான் தம்பிக்குப் புத்தி வந்தது, அல்லது கெட்டது. அதற்குப் பிறகு அட்டை ஒட்டிக்கொள்ளத் தேவைப்படவில்லை. மோசமான சுற்று வரும்போதெல்லாம் இவனே கொஞ்சம் குறைத்து வைத்தான். முடிந்ததும் அக்கா மொத்த நேரத்தை மட்டும் திரையில் பார்ப்பாள். ஒவ்வொரு சுற்றின் கணக்கையும் தம்பி பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டாள். அவ்வளவு நம்பிக்கை.

அவளுக்கு முப்பத்து நாலு வயதானது. ஒரு தடவையாவது உலகப் போட்டியில் ஓட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அதற்கு நாலு நிமிஷம் இருபது வினாடிக்குள் ஓடியிருக்க வேண்டும். இரண்டு தடவை மயிரிழையில் தவறிப்போனது. இந்த வருஷத்தோடு லீவு கிடையாது என்று முதலாளியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், விமான நிலையத்தில் பெட்டியை இறக்கும்போது, "இதான் கடைசி, இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்று அவள் தலையாட்டினாள்.

அந்தக் கடைசிப் போட்டிக்கு முந்தின சாயங்காலம் குட்டு உடைந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் வேறு நாட்டுக் கோச் ஒருவர், பனைமரம் மாதிரி நெட்டை மனிதர், அக்காவின் எதிரே வந்து உட்கார்ந்தார். அன்று மதியம் அக்கா ஓடிய சின்ன தூரப் பந்தயத்தில் தம்பிக்குப் பக்கத்தில்தான் அவரும் பலகை பிடித்து நின்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். உன் தம்பியின் வாட்ச் பழுதாகிவிட்டது போலிருக்கிறது, சில சுற்றுகளைக் குறைத்துக் காட்டுகிறது, நாளைக்குள் வேறு வாங்கிக் கொடு என்றார்.

தம்பி தன் அறையில் அவளுடைய பிளேடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, நெட்டை கோச் சொன்னதை அப்படியே சொன்னாள். இவன் முதலில் பூசி மெழுகப் பார்த்தான். பேட்டரி என்றான், குளிர் என்றான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பல் வரிசையில் எது தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று தேடுகிற பார்வை அது. அதற்கு முன்னால் அவனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

"எத்தனை வருஷமாடா?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"நீ பயந்துடறேக்கா. அந்த முதல் வருஷம் பாத்தேனே. என்னால பாக்க முடியல."

"பயந்தா பயந்துட்டுப் போறேன். அது என் பயம். அதை நீ எதுக்கு எடுத்து வச்சுக்கிட்டே?" அவள் குரல் உயரவில்லை. "நான் என்ன லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவளா?"

நாளைக்கு உள்ளதை உள்ளபடி காட்டுவதாக வாக்குக் கொடு என்றாள். கொடுத்தான். கையில் இருந்த துணி தரையில் விழுந்ததைக் கூட அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் அவன் பலகையோடு எதிர்ப்பக்க ஓரத்தில் போய் நின்றான். இத்தனை வருஷம் பயந்தது ஒரு பயமென்றால், இது வேறு. பொய் சொல்லப் போகிறவனுக்குக் கையில் ஒரு மருந்தாவது இருக்கிறது. உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு என்ன இருக்கிறது? பக்கத்தில் நெட்டை கோச் புது வாட்சைப் பற்றிக் கேட்டார், இவன் பல்லை இளித்தான்.

துப்பாக்கி வெடித்தது. அக்கா நன்றாகக் கிளம்பினாள். முதல் நான்கு சுற்றும் தேவைக்கு மேலேயே நன்றாக இருந்தன. இவன் உள்ளபடியே காட்டினான். ஒவ்வொரு தடவையும் அவள் கண் அட்டையைத் தொட்டுவிட்டு இவன் முகத்தையும் ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனது. முன்பெல்லாம் அட்டையோடு நின்றுவிடும் கண். இன்றைக்கு முகத்தையும் பார்க்கிறாள். நம்பலாமா என்று பார்க்கிறாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஐந்தாவது சுற்று முப்பத்தைந்து வினாடி. இதுவரை மிச்சம் பிடித்து வைத்த நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. இன்னொரு சுற்று இப்படிப் போனால் உலகப் போட்டி இல்லை, பன்னிரண்டு வருஷமும் இல்லை. அவள் அந்த வளைவைத் திரும்பி வருவதற்குள் அட்டையை வைக்க வேண்டும். மூன்றை வைத்தான், ஐந்தை வைத்தான். வளைவில் அவள் தலை தெரிந்தது. ஐந்தைப் புரட்டி நாலாக்கினான், புள்ளிக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாலைப் போட்டான். விரல் தானாகப் புரட்டியது என்று பிற்பாடு தனக்குத் தானே சப்பைக்கட்டுக் கட்டிப் பார்த்தான். அதெல்லாம் இல்லை. தெரிந்தேதான் புரட்டினான்.

அக்கா பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், முதுகை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு போனாள். ஆறாவது சுற்று நன்றாக இருந்தது. கடைசிச் சுற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். கோட்டைத் தாண்டியபோது திரையில் நாலு பத்தொன்பது புள்ளி ஒன்பது என்று நின்றது. கண் இமைக்கிற நேர வித்தியாசத்தில் இருபதுக்குள் வந்துவிட்டாள். தம்பி பலகையைக் கீழே போட்டுவிட்டு, கெட்டுப்போன முழங்காலோடு தத்தித் தத்தி ஓடினான். அவனுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யார் யாரோ வந்து தோளைத் தட்டினார்கள், நெட்டை கோச் கை கொடுத்துவிட்டுப் போனார். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. அவன் காட்டிய எண்களை எல்லாம் கூட்டி, திரையில் நின்ற நேரத்தோடு அவள் ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரை வினாடிக்கு மேல இடிக்குது," என்றாள். "எந்தச் சுத்துடா?"

"அஞ்சாவது."

"எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு." பிறகு, "ஆனா கிடைச்சிருச்சேக்கா. உள்ளதைக் காட்டியிருந்தா கிடைச்சிருக்காது," என்றான்.

அக்கா ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்த்து முடித்தாள்.

"கிடைச்சிருக்குமா கிடைச்சிருக்காதான்னு இனிமே யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அதை நான் தெரிஞ்சுக்கறதுக்கு இருந்த ஒரே நாள் இன்னைக்குத்தான்."

உலகப் போட்டியில் பலகையை அந்த நெட்டை கோச்சிடம் கொடுக்கப் போவதாகவும், அவன் மேலே உட்கார்ந்து பார்க்கட்டும் என்றும் சொன்னாள். திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் அதைச் சொன்னாள்.

வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அம்மா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திப் பெருமை பேசினாள். லீவே கிடையாது என்ற முதலாளியம்மா தானாக ஒரு வாரம் கொடுத்து, அக்காவின் படத்தைப் பல் மாதிரிகளுக்கு நடுவில் மாட்டி வைத்தாள். அவனுக்கு மட்டும் ஏன் முகம் தொங்கிப்போயிருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, பல் வலி என்றான். பல் வலி என்றால் அக்காவிடம் காட்டு என்றாள் அம்மா.

இதற்கிடையில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்று ஒரு அம்மாள் மாட்டிக்கொண்டாள். அவன் கதவிடுக்கில் வாயை வைத்தான். அஞ்சே என்று தொடங்கி நிறுத்திக்கொண்டு, "ஒரு மணி நேரம் ஆகலாம்மா" என்றான். அந்த அம்மாள் ஐயோ என்று கத்தினவள்தான், வெளியே வரும்வரை நிறுத்தவில்லை. வந்ததும் நேராக மேனேஜரிடம் போய்ப் புகார் கொடுத்தாள். உனக்கு வாயில் ஒரு நல்ல வார்த்தையே வராதா என்று மேனேஜர் அவனைக் காய்ச்சி எடுத்தார். எது சரி என்று அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உலகப் போட்டி அன்று அவன் மேல் வரிசையில், கொடி ஆட்டுகிற கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். பாக்கெட்டில் வாட்ச் இருந்தது, பழக்க தோஷம். கீழே எதிர்ப்பக்க ஓரத்தில் நெட்டை கோச் பலகையோடு நின்றார். அந்த இடம் அங்கிருந்து பார்க்க எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவனுக்கு வியப்பாக இருந்தது. வயிறு வழக்கம்போல் கலக்கியது, ஆனால் எழுந்து போக மனமில்லை.

மூன்று சுற்று ஒழுங்காகப் போனது. நான்காவது சறுக்கியது. ஐந்தாவது அதைவிட மோசம். திரையில் அந்த எண் வந்ததும் அவன் எழுந்து நின்றுவிட்டான், பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். காட்டாதீர்கள் ஐயா, காட்டாதீர்கள் என்று அவன் உள்ளுக்குள் மன்றாடினான். நெட்டை மனிதர் நிதானமாக அட்டைகளைப் புரட்டினார், நன்றாகக் குனிந்து, அவள் கண்ணுக்கு நேராகக் காட்டினார். முப்பத்தைந்து புள்ளி ஆறு. ஈவு இரக்கமில்லாத முப்பத்தைந்து புள்ளி ஆறு.

அவன் பயந்தபடியே நடந்தது. அக்காவின் முதுகு நிமிர்ந்தது. கால் தள்ளாடியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே கோலம். ஆறாவது சுற்று முப்பத்தேழைத் தாண்டிப் போனது, அதையும் அந்த மனிதர் கூசாமல் காட்டினார். நான் சொன்னேனே, நான் சொன்னேனே என்று அவன் மனசு அரற்றியது. சொன்னது பலித்ததில் அவனுக்கு ஒரு துளி கூடச் சந்தோஷமில்லை.

அந்த அட்டையைத் தாண்டிப் போகும்போது அக்கா தலையை ஒரு தரம் உதறினாள். வளைவுக்குள் நுழைகையில் முதுகு மெதுவாகத் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. கால் நீளமாகத் தள்ள ஆரம்பித்தது. அவளுக்கு எல்லாம் தெரியும், எவ்வளவு மோசம் என்று புள்ளி வரைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஓடினாள். அவன் பாக்கெட்டுக்குள் வாட்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தாள். அவன் படிகளில் இறங்கி, ஆட்களை இடித்துக்கொண்டு, ஐஸைச் சுற்றிய தடுப்புச் சுவரை அடைந்தான். அக்கா இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மிதந்து வந்து சுவரைப் பிடித்து நின்றாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வியர்வை, மூக்கு ஒழுகியது. அவளுக்குப் பின்னால் பெரிய திரையில் எல்லாச் சுற்றும் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன.

"கடைசிச் சுத்து என்னடா?" என்றாள்.

"முப்பத்தஞ்சு புள்ளி ஒண்ணு."

அக்கா திரும்பி, தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். அவன் சொன்ன ஒன்றை அவன் முகத்துக்கு நேராகவே சரிபார்த்தது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அது சுருக்கென்று தைத்தது, ஆனாலும் அவள் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நின்றான்.

"சரியாத்தான் சொல்லியிருக்கே," என்றாள்.